ஒல்லாந்தர் பட்டினங்களில் இரண்டு நாட்கள்

ஒல்லாந்து நாடு என்றதும் காற்றாலைகளும் டியூலிப் மலர்களும் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கால்வாய்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டில் பணிபுரியும் தம் மக்களைக் கண்டு திரும்பிய அன்பர்கள், சனி ஞாயிறு இரு நாட்களில் நண்பர் இல்லத்தில் தங்கி நாலைந்து ஊர்களைச் சுற்றி வந்த கதையைச் சங்கக் கூட்டங்களில் சுவைபடச் சொல்வதுண்டு. கேட்கக் கேட்க இனிக்கிறது. ஆயினும், ஒல்லாந்தர் கோட்டை கட்டி, குடும்பத்துடன் வாழ்ந்து, மாண்டு, அடக்கமாகிய பட்டினங்கள் நம் சோழமண்டலக் கரையிலேயே இருக்கின்றன. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய ஊர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். தாராவி அன்பர்களில் பலர்க்குத் தூத்துக்குடி சொந்த மாவட்டமே. எனினும் ஆண்டுதோறும் ரயிலேறித் தாயகம் செல்லும் நாம், திருமணம், கோயில், மருத்துவம் என்ற மூன்று காரியங்களை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

இவ்வாண்டு பொங்கல் விடுமுறையில் எங்களுக்கு இரண்டு நாட்கள் மிஞ்சின. செம்பூரில் நெடுங்காலம் வாழ்ந்து, டிராம்பே அணுசக்தி நிலையத்திலிருந்து கல்பாக்கத்துக்கு மாற்றலாகிச் சென்ற நண்பர் ஒருவர், “மாட்டுங்காவை விட்டு ஒரு முறையாவது எங்கள் பக்கம் வரக்கூடாதா?” என்று பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். அவர் குடியிருக்கும் கல்பாக்கத்தை ஒட்டியே சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. சனிக்கிழமை அங்கே, ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு என்று திட்டம் வகுத்தோம். முன்னது சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பின்னது வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒல்லாந்தர் இங்கே எதற்கு வந்தனர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வேண்டியவை சாதிக்காயும் கிராம்பும். அவை விளைந்த இடமோ கிழக்கே வெகு தொலைவிலுள்ள மொலுக்கஸ் தீவுகள். ஐரோப்பியச் சரக்கு எதற்கும் அத்தீவுகளில் மதிப்பில்லை; தமிழ், தெலுங்கு நாட்டுத் தறிகளில் நெய்து, சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏற்றிய துணிக்கே மதிப்பு. ஆகவே பொன்னையும் வெள்ளியையும் இக்கரையில் கொடுத்துத் துணி வாங்கி, துணியைத் தீவுகளில் கொடுத்து வாசனைப் பொருள் வாங்கி, அதை ஆம்ஸ்டர்டாமில் விற்றுப் பொன்னாக்கினர். நடுவில் இருந்த நெசவாளி தறிக்கு முன்பணம் பெற்றுக்கொண்டு, வியாபாரி சொன்ன நீளத்துக்கும் அகலத்துக்கும் நெய்து கொடுத்தான். உலக வாணிபத்தின் அச்சாணி அவன் வீட்டுக் குழித்தறியிலே இருந்தது என்பது அவனுக்கே தெரிந்திராது.

இவ்வாணிபத்துக்காக 1602-இல் தோன்றிய கம்பெனியின் பெயர்ச் சுருக்கத்தை ஆங்கில எழுத்தில் எழுதினால் ‘வி.ஓ.சி.’ என்று வரும். காசுகளிலும் பீங்கான்களிலும் அம்மூன்றெழுத்து முத்திரையைக் காணலாம். அதே மூன்றெழுத்தைத் தம் பெயராகக் கொண்ட நம் சிதம்பரம் பிள்ளை, 1906-இல் தூத்துக்குடியிலே சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கப்பல் தேடி நம் மும்பைக்கும் வந்தார். ஒரு வி.ஓ.சி. நம் துறைமுகங்களைப் பிடித்தது, மற்றொரு வி.ஓ.சி. நமக்கென்று கப்பல் விட்டது. சரித்திரம் சில சமயம் இப்படி வேடிக்கை செய்கிறது.

சதுரங்கப்பட்டினத்தின் பழைமை ஒல்லாந்தரோடு தொடங்குவதன்று. 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னர் காலத்திலேயே இராசநாராயணன் பட்டினம் என்று பெயர் பெற்று விளங்கிய துறை இது. ஒல்லாந்தர் நாவில் ‘சத்ராஸ்’ என்று தேய்ந்தது. இங்கே நெய்த மெல்லிய மஸ்லின் துணிக்கு ஐரோப்பாவில் நல்ல பெயர் இருந்தது.

கடலை நோக்கி நிற்கும் செங்கற்கோட்டை இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலருகே பீரங்கிகள் கிடக்கின்றன. உள்ளே நீண்ட கிடங்குகள். யானைமீது ஏறுவதற்காகக் கட்டியது என்று காட்டப்படும் சாய்வு மேடை. ஒரு மூலையில் மதில் சூழ்ந்த கல்லறைத் தோட்டம். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் இங்கே அகழ்ந்தபோது சீனப் பீங்கான் ஓடுகளும் புகைக்குழல் துண்டுகளும் கிடைத்தன. கிடங்கின் நிழலில் நின்று, இங்கே அடுக்கியிருந்த துணிக்கட்டுகளின் மணம் எப்படி இருந்திருக்கும் என்று என் துணைவியார் வியந்தார். புதுத்துணியின் கஞ்சி மணந்தான் என்றார் நண்பர்.

கோட்டையின் இடிந்த சுவர்களுக்குக் காரணம் போர். 1781-இல் ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றினர். மறு ஆண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி பிரெஞ்சுக் கடற்படையும் ஆங்கிலக் கடற்படையும் இக்கரைக்கு எதிரே மோதிக்கொண்டன. வெற்றி எவர்க்கும் உறுதிப்படவில்லை. பின்பு ஒல்லாந்தரிடம் திரும்பிய இவ்வூர், 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, அடுத்த ஆண்டில் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று. பழவேற்காட்டின் கதையும் அதுவே.

மதிலின்மேல் நின்று வடக்கே நோக்கினால் அணுமின் நிலையத்தின் கட்டடங்கள் தெரிகின்றன. அதன் முதல் உலை 1983-இல் இயங்கத் தொடங்கிய காலத்திலும் அதற்குப் பின்னும் செம்பூர், அணுசக்தி நகர்ப் பக்கமிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இங்கே இடம்பெயர்ந்தன. இரண்டாம் முறை பெயர்ந்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்: ஊரை விட்டு மும்பைக்கு ஒரு முறை, மும்பையை விட்டுத் தமிழ்நாட்டுக்கு மறுமுறை. நண்பரின் துணைவியார் அன்றிரவு சேவையும் மோர்க்குழம்பும் பரிமாறிக்கொண்டே விசாரித்தவை எல்லாம் சேடா நகர் முருகன் கோயிலின் திருவிழாவும், மாட்டுங்காச் சந்தையின் வாழைப்பூ விலையும், இன்னின்னார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்பதும்தான். “சொந்த ஊருக்கே வந்துவிட்டேன் என்கிறார்கள், எனக்கு என்னவோ செம்பூர்தான் ஊர்” என்றார். அவருடைய மாமியார், “அதெல்லாம் சரி, குழம்பு ஆறுகிறது” என்று பேச்சை முடித்து வைத்தார்.

உணவுக்குப் பின் பேச்சு ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொற்களைப் பற்றித் திரும்பியது. துட்டு என்று நாம் சொல்லும் காசு, அவர்களுடைய ‘டொய்ட்’ என்ற சிறு நாணயத்தின் பெயர். யாழ்ப்பாணத்தார் அலுவலகத்தைக் கந்தோர் என்பது ‘காண்டோர்’ என்னும் ஒல்லாந்துச் சொல்லே. கக்கூசும் அவர்கள் வழி வந்ததென்றே மொழியறிஞர் கூறுவர். இரு நூற்றாண்டு ஆண்டவர்களின் நினைவாக அன்றாடம் நம் வாயில் வழங்குபவை இவைதாமா என்று குழந்தைகள் சிரித்த சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று.

ஞாயிறன்று பொழுது விடியுமுன் இரு குடும்பமும் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம்.

பொன்னேரியைத் தாண்டியதும் நிலம் தாழ்ந்து உப்பங்காற்று வீசத் தொடங்குகிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு ஏரி. தை மாதம் ஆகையால் பூநாரைகள் தொலைவில் கூட்டமாக நின்றன. ஊரில் செம்மண்நிறக் கற்களால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில் ஒன்றுண்டு. அதிலுள்ள விரலளவு இராமாயணச் சிற்பங்களைக் காணாமல் எவரும் திரும்பலாகாது. கடல்வழி வந்த அராபியரின் மரபைச் சொல்லிக்கொள்ளும் இஸ்லாமியக் குடும்பங்களும் இங்கே பல தலைமுறையாக வாழ்கின்றன. அவ்வீட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகள் அழகும் உறுதியும் வாய்ந்தவை, இரண்டு வாங்கினோம்.

ஒல்லாந்தருக்கு இங்கே வாணிபம் செய்ய இசைவளித்தவர் விஜயநகர மன்னர் வேங்கடபதிராயர், ஆண்டு 1610. இரண்டே ஆண்டில் போர்த்துகீசியர் வந்து பண்டகசாலையை அழித்துவிட்டனர். உடனே 1613-இல் ஒல்லாந்தர் கோட்டை எழுப்பி, தம் தலைவர் பிறந்த கெல்டர்லாந்தின் பெயரால் ‘கெல்டிரியா’ என்று அழைத்தனர். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதுவே அவர்களுடைய தலைநகர். நாணயச்சாலை இருந்தது, வெடிமருந்துச் சாலை இருந்தது. ஆங்கிலேயரும் 1620-களில் இவ்வூரில் தங்கி வாணிபம் செய்ய முயன்று பார்த்தனர். ஒல்லாந்தர் இடங்கொடாமையால் விலகி, 1626-இல் வடக்கே ஆர்மகானுக்கும், பின்பு 1639-இல் தெற்கே மதராசப்பட்டினத்துக்கும் போய்ச் சேர்ந்தனர். பழவேற்காட்டில் அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தால் சென்னை நகரம் எங்கே எழுந்திருக்குமோ!

அத்தனை பெருமை வாய்ந்த கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்புதர் மண்டிய மேடும், அதைச் சூழ்ந்த அகழியுமே எஞ்சியுள்ளன. 1806-இல் ஆங்கிலேயர் அதை வெடி வைத்துத் தகர்த்தனர்.

எஞ்சியிருப்பது கல்லறைத் தோட்டம். வாயிலின் இரு புறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நின்று வருவோரை வரவேற்கின்றன. உள்ளே எழுபதுக்கு மேற்பட்ட கல்லறைகள். சில விமானம் போல் உயர்ந்தவை. சில கூம்புத் தூண்கள். பல தரையோடு படுத்த கருங்கற்பலகைகள். ஒவ்வொன்றிலும் குலச்சின்னமும், பூவேலைப்பாடும், புடைப்பெழுத்தில் பெயரும் பிறந்த ஊரும் இறந்த நாளும். முந்நூறாண்டு உப்புக்காற்று அடித்தும் எழுத்துகள் மழுங்கவில்லை. மனைவியரும் மழலைகளும் அடங்கிய கற்களைக் காணும்போது, வந்தவர்கள் மீது நமக்கு எவ்வளவு வருத்தம் இருப்பினும் நெஞ்சு இளகத்தான் செய்கிறது.

மும்பையில் பிறந்து, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் என் இளைய மகள், பலகை பலகையாகக் குனிந்து பார்த்துவிட்டு, “அப்பா, இதில் நம் ஆட்கள் பெயர் ஒன்றுமே இல்லையே?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது கல்லறையைப் பற்றி. ஆயினும் அக்கேள்விக்கு விடை சொல்லப் புகுந்தால், இப்பட்டினத்திலிருந்து ஏற்றுமதியான மற்றொரு சரக்கைப் பற்றிச் சொல்லாமல் தீராது. பஞ்சமும் போரும் வந்த காலங்களில் ஒல்லாந்தர் துணியோடு மனிதரையும் விலைக்கு வாங்கினர். இவ்வாணிபத்தை ஆராய்ந்த மார்க்கஸ் விங்க் முதலான வரலாற்றாசிரியர்கள் கம்பெனி ஏடுகளிலிருந்து எடுத்துத் தரும் கணக்கு இது: 1622, 1623 ஆகிய ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர், 1646-இல் பத்தாவியாவுக்குச் சென்ற 2,118 பேர், பெரும்பாலும் தென் சோழமண்டலத்தார், பீஜப்பூர்ப் படையெடுப்பால் தஞ்சைச் சீமை பாழான 1659 முதல் 1661 வரையில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் வாங்கப்பட்டவர் எண்ணாயிரத்துக்கும் பதினாயிரத்துக்கும் இடையே. அவர்களுள் மிகுதியானோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். நெல் விளைந்த நாட்டில், நெல்லின்மையால், தாய் பிள்ளையை விற்க நேர்ந்த காலம் அது. துணிக்கட்டுக்கு எண்ணிட்டது போலவே இவர்களுக்கும் எண்ணிட்டு எழுதினர். அடுத்து நின்ற நண்பரின் துணைவியார், “போதும், குழந்தைகள் கேட்கிறார்கள்” என்று தடுத்தார். குழந்தைகள் கேட்கட்டும் என்பது என் எண்ணம். ஆகவே மேலும் சொன்னேன்.

அப்படிப் போனவர்களுள் ஒருத்தியின் பெயர் ஏடேறியிருக்கிறது. அவள் 1631-ஐ ஒட்டிய ஆண்டில் பழவேற்காட்டில் பிறந்தவள். பத்தாவியாவில் அடிமையாக இருந்தாள். தன்னைத் தாக்கிய மற்றோர் அடிமையின் சாவுக்குக் காரணமானாள் என்று வழக்கு நடந்து, மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்பு அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657-இல் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலில் அனுப்பினர். ஒல்லாந்தர் அங்கே குடியேறி அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்கே துணி வெளுத்துப் பிழைத்தாள், மக்களைப் பெற்றாள். அவள் மகன் கிறிஸ்டோபல் ஸ்னைமன் என்பவன் வழியாகத் தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குடும்பங்கள் கிளைத்துள்ளன. நிறத்தைச் சொல்லி நாட்டைக் கூறுபோட்ட வெள்ளையர் குடும்பங்களுள் எத்தனையோ, மூலத்தைத் தேடிப் போனால் சோழமண்டலக் கரையின் இந்த உப்பங்கழிக்கு வந்து நிற்க வேண்டும்! கேப் நகரத்து ஏடுகள் அவளைப் ‘பலியகாத்தாவின் கத்தரீனா’ என்று குறிக்கின்றன. கத்தரீனா என்பது எசமானர் இட்ட பெயர். தாய் இட்ட பெயரை எழுதியவர் எவருமில்லை. ஊர்ப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு கடல் கடந்து போயிருக்கிறது.

“அவளுக்கு அங்கே தமிழ் பேச யாராவது இருந்தார்களா?” என்றாள் மகள். மலபார்க்கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த அடிமைகள் அங்கே இருந்தனர் என்றேன். வங்கத்துக்காரன் ஒருவனையே அவள் பின்னர் மணந்துகொண்டாள். அந்தோணி என்பது அவனுக்கு இட்ட பெயர்.

ஊர்ப்பெயர் கடல் கடந்த வேறு வழியும் உண்டு. மலேயாவில் ஆடவர் உடுக்கும் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பழவேற்காட்டுத் துணி என்பதே பொருள். மெக்சிகோ நாட்டுக் குடியானவன் கழுத்தில் கட்டும் வண்ணக் கைக்குட்டைக்குப் ‘பாலியகாத்தே’ என்று பெயர், அதுவும் இவ்வூரே. பழவேற்காட்டை உலகறியச் செய்த தறிகளின் ஓசையை இன்று இவ்வூர்த் தெருக்களில் நாங்கள் கேட்கவில்லை. மீனும் இறாலுமே பிழைப்பு. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவது அவர்களுடைய நெடுநாளைய கவலை. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கும் திட்டத்தை, ஏரியும் கரையும் கெடுமென்று அஞ்சி அவர்கள் எதிர்த்து வந்திருக்கின்றனர். பெரிய கப்பல்கள் வருவதால் இவ்வூர்க்கு என்ன நேரும் என்பதில் அவர்களுக்கு நானூறாண்டு அனுபவம் இருக்கிறது என்று நண்பர் சற்றுக் கசப்போடு சொன்னார்.

ஒல்லாந்தர் எல்லோரும் விலை பேச மட்டும் வந்தவர் என்று சொல்லிவிடுவதும் நியாயமாகாது. கோட்டையில் பாதிரியாராகப் பத்தாண்டு பணிபுரிந்த ஆபிரகாம் ரோஜர், பத்மநாபன் என்ற அந்தணரிடம் அமர்ந்து இந்நாட்டு வழக்கங்களையும் வழிபாடுகளையும் கேட்டு எழுதினார். 1651-இல் அந்நூல் லைடன் நகரில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் நீதிமொழிகள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதல் ஏறியது அதிலேதான். தமக்குச் சொன்னவர் இன்னார் என்று பத்மநாபனின் பெயரையும் அவர் குறித்து வைத்தார். கல்லறைத் தோட்டத்தில் காண முடியாத நம்மவர் பெயர் ஒன்று இவ்வாறு அவர்கள் நூலில் நின்றது. மகளுக்கு இதையும் சொன்னேன். அவள் மனம் அப்போது கத்தரீனாவிடம் இருந்தது.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் பொன்னேரி சென்று, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காட்டை அடையலாம். சதுரங்கப்பட்டினத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் கடந்து கல்பாக்கம் செல்லும் பேருந்துகள் உள்ளன. பறவைகளையும் காண வேண்டுமாயின் கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். வெயில் ஏறுமுன் கல்லறைகளைப் பார்த்துவிடுவது நலம். கருங்கற்பலகைகள் நண்பகலில் கால் வைக்க இயலாதபடி சுடும். குடிநீரும் உணவும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும்.

சென்னைவரை செல்ல இயலாதவர்க்கு அண்மையிலேயே இரு இடங்கள் உண்டு. தெற்கே கொங்கணக் கரையில் வெங்குர்லாவில் 1637-இல் ஒல்லாந்தர் நிறுவிய பண்டகசாலை இடிபாடாக நிற்கிறது. வடக்கே சூரத்தில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே எல்லாவற்றினும் உயர்ந்து மாளிகை போல் நிற்பது வான் ரீட் என்பவரது கல்லறை. கொச்சியில் ஆளுநராக இருந்தபோது பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த கேரளத்து மூலிகை நூலைத் தொகுக்கத் தொடங்கியவர் அவர். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் சொல்ல எழுதிக்கொண்டதை, அவர் பெயரோடும் அவருடைய சான்றுரையோடும் அந்நூலில் பதித்தார். 1691 டிசம்பரில் கொச்சியிலிருந்து சூரத்துக்குக் கப்பலில் செல்லும் வழியில், நம் மும்பைக்கு அருகே கடலிலேயே அவர் உயிர் பிரிந்தது. மும்பையிலிருந்து சூரத்துக்குக் காலை ரயிலேறினால் அன்றிரவே வீடு திரும்பிவிடலாம்.